மீனைக் கண்ணாடி வழியாகப் படம் எடுக்கும்போது

கோலாலம்பூரில் இருக்கும் மீன் காட்சியகமான கேஎல்சிசி அக்குவாரியாவுக்கு கேமராவோடு போகிறீர்களா, முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்கும், மீனுக்கும் தொந்தரவு. அப்புறம் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி நேராக வையுங்கள். லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹுட் இருந்தால் பின்னால் நிற்பவரின் வெள்ளைச் சட்டை உள்ளே பிரதிபலிக்காது. சாய்த்துப் பிடித்தால் ஒளிவிலகலில் செதில்களின் கூர்மை போய்விடும், எனக்கு அதுதான் மனசு கேட்காது.

அங்குள்ள 90 மீட்டர் சுரங்கப்பாதையில் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் சுவரே வளைந்திருக்கிறது, அதனால் சுறா தலைக்கு நேர் மேலே வரும்வரை பொறுங்கள். வெளிச்சம் குறைவு, சரி, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றலாம். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். மீனைத் துரத்த வேண்டாம், கண்ணில் ஃபோகஸ் வைத்து அது வரும் வழியில் காத்திருங்கள்.