நங்கூரத்தில் நிற்கும் கப்பலில் ஒரு டர்போசார்ஜர் வேலை

மரைன் சர்வீஸ் எஞ்சினியர் என்று சொன்னால் ஊரில் முதலில் வரும் கேள்வி, "ஆறு மாசம் கடல்லயே கெடக்கணுமா தம்பி?" அப்படி இல்லை. நான் கப்பல் ஊழியன் கிடையாது. சிங்கப்பூரில் டர்போசார்ஜர் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. எஞ்சினின் எக்ஸாஸ்ட் புகையில் ஒரு டர்பைன் சுற்றும், அதே தண்டில் இருக்கும் கம்ப்ரஸர் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும், அதுதான் டர்போசார்ஜர். கப்பல் வந்து நங்கூரம் போடும், நான் படகில் போவேன், முடித்துவிட்டு இறங்கிவிடுவேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பிள்ளைகள் இதற்கு வரலாமா என்று கேட்கிறார்கள். சமீபத்தில் போன ஒரு வேலையை அப்படியே சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்த பல்க் கேரியர், அதாவது தானியம், நிலக்கரி மாதிரிச் சரக்கை மூட்டை கட்டாமல் ஏற்றும் கப்பல். எஞ்சினுக்கு லோடு ஏற்றினால் டர்போசார்ஜர் சர்ஜ் ஆகிறது என்று புகார். காற்றை எஞ்சினுக்குள் தள்ள வேண்டிய கம்ப்ரஸர் தள்ள முடியாமல் போய், காற்று படாரென்று பின்னால் அடித்து வருவதுதான் சர்ஜிங். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எஞ்சின் ரூமில் அதன் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

கப்பல் வரும் முன்பே அளவுகளைக் கேட்டு வாங்கினேன். ஸ்கேவெஞ்ச் பிரஷர் (சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம்), ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பநிலை, டர்போசார்ஜரின் சுற்று வேகம், ஏர் கூலருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தம். சர்ஜ் ஆனால் டர்போசார்ஜர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. ஏர் கூலர் அடைத்திருக்கலாம், ஃபில்டர் அழுக்கேறி இருக்கலாம், ஒரு சிலிண்டரில் இன்ஜெக்டர் சரியில்லாமல் இருக்கலாம். இந்தக் கப்பலில் கூலரும் ஃபில்டரும் சரியாகவே இருந்தன. எக்ஸாஸ்ட் மட்டும் எல்லாச் சிலிண்டரிலும் சூடு. அப்படியென்றால் திறந்துதான் பார்க்க வேண்டும்.

திறப்பது என்றால் மெயின் எஞ்சின் ஓடாது. துறைமுக எல்லைக்குள் எஞ்சினைச் செயலிழக்க வைக்க அனுமதி வாங்க வேண்டும், அது துறைமுகத்தில் கப்பலின் காரியங்களைப் பார்க்கும் ஏஜென்டின் வேலை. அனுமதி கைக்கு வரும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது. இந்தக் காத்திருப்பு நேரத்தை டைம் ஷீட்டில் தனியாகக் குறித்துக்கொண்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மரீனா சவுத் பியர் என்ற படகுத்துறையில் பாஸ்போர்ட் காட்டிவிட்டு, கப்பலுக்குக் கூட்டிப்போகும் லாஞ்ச் படகில் ஏறினோம். புதிதாக வருபவர்கள் எஞ்சினைப் பற்றியே கவலைப்படுவார்கள். எனக்கு இன்றைக்கும் பயம் ஏணியில்தான். காலிக் கப்பல் தண்ணீரிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் வெறும் கயிற்றேணி போதாது, பக்கவாட்டில் இறங்கும் படிக்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது, கப்பலுக்கு வழிகாட்ட வரும் பைலட் ஏறுவதற்கு சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் விதி. லாஞ்ச் அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது உச்சிக்கு வரும் நேரம் பார்த்து ஏணியைப் பிடித்து உடனே மேலே போய்விட வேண்டும். தயங்கி நின்றால் அடுத்த அலையில் லாஞ்ச் வந்து காலை நசுக்கும். தோளில் பை கூடாது. டூல் பாக்ஸ் கிரேனில் வரட்டும். ஏணிக் கயிறு நைந்திருந்தாலோ படி சாய்ந்திருந்தாலோ ஏறமாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களை வேலையைவிட்டு அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் நல்லதுதான், அது இருக்க வேண்டிய இடமில்லை.

எஞ்சின் ரூம் 40 டிகிரிக்கு மேல். வேலைக்கான பர்மிட் எழுதி, எஞ்சின் தானாகச் சுற்றாதபடி டர்னிங் கியர் போட்டு, எஞ்சினைக் கிளப்பும் காற்றான ஸ்டார்ட்டிங் ஏரை மூடி, ரோட்டரை, அதாவது டர்போசார்ஜரின் சுழலும் தண்டை, பூட்டினோம். புகைபோக்கி இழுக்கும் காற்றிலேயே ரோட்டர் தானாகச் சுற்றும் என்பது பலருக்குத் தெரியாது.

கழற்றும் முன் டயல் கேஜ் வைத்து ரோட்டரின் முன்பின் அசைவை அளந்து எழுதிக்கொண்டேன். இந்த அளவை எடுக்காமல் பிரித்துவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது. சைலன்ஸர், கம்ப்ரஸர் வீல் எல்லாம் கழன்றன. செயின் பிளாக்கில் தூக்கி ரோட்டரை வெளியே இழுத்தால், எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைன் பிளேடுகள் மேல் திருப்பிவிடும் நாசில் ரிங்கில் கரி கெட்டியாகப் படிந்திருக்கிறது. வாயு போகும் வழி பாதி அடைப்பு. எக்ஸாஸ்ட் சூட்டுக்கும் சர்ஜுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

டர்பைன் பக்கத்தைச் சுத்தம் செய்ய எஞ்சின் ஓடும்போதே வால்நட் ஓட்டுத் துகளை ஊதிவிடுவார்கள். கப்பலின் செகண்ட் எஞ்சினியர் தூத்துக்குடிக்காரர். "தினமும் அடிக்கிறோம் அண்ணே" என்றார். நாசில் ரிங் வேறு மாதிரிச் சொன்னது. நான் விவாதிக்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ரோட்டரை அன்றே லாஞ்சில் இறக்கி துவாஸில் இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினோம். முழு லோடில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற பொருள். ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருந்தாலே பேரிங் போய்விடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கழுவி, பிளேடுகளில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிப் பார்த்து, பாலன்ஸ் செய்து, காலையில் கப்பலுக்குத் திரும்பி வந்தது. இதற்குள் நாங்கள் இங்கே நாசில் ரிங்கைச் சுத்தம் செய்து முடித்திருந்தோம்.

புது பேரிங் போட்டுப் பூட்டும்போது ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால், பிளேடு நுனிக்கும் அவற்றைச் சுற்றியிருக்கும் கவர் ரிங்குக்கும் நடுவே இடைவெளி மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. ரிங் தேய்ந்துபோயிருந்தது. மாற்று ரிங் கப்பலிலும் இல்லை, எங்கள் ஸ்டோரிலும் இல்லை. கப்பல் ஓடுவதை அது தடுக்காது, ஆனால் திறன் குறையும்.

கப்பலின் சீஃப் எஞ்சினியர் ரிப்போர்ட்டில் 'எல்லாம் திருப்தி' என்று எழுதச் சொன்னார். அவருக்கும் கம்பெனியில் பதில் சொல்ல வேண்டும், புரிகிறது. இந்த வேலையில் ஸ்பேனர் பிடிப்பதைவிடக் கஷ்டமான இடம் இதுதான். நான் நல்லது, மோசம் என்று எந்த வார்த்தையும் போடுவதில்லை. அளந்த அளவு, மேனுவலின் எல்லை, போட்டோ, 'அடுத்த துறைமுகத்தில் கவர் ரிங் மாற்றவும்' என்று ஒரு வரி. சீஃப் முணுமுணுத்தார். 'செய்த வேலைக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் அடித்தார். எனக்கு அது போதும்.

இன்னொரு சங்கடம், நங்கூரத்தில் நிற்கும் கப்பலில் செய்த வேலையை நிரூபித்துக் காட்ட முடியாது. எஞ்சினை மெதுவாக ஓட்டி, எண்ணெய் வருகிறதா, அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். சர்ஜ் வருவது லோடு ஏறும்போது. அந்த நேரம் கப்பல் நடுக்கடலில், நான் வீட்டில். கப்பல் கிளம்பிய பிறகு செகண்ட் எஞ்சினியர் வாட்ஸப்பில் அளவுகளை அனுப்பினார். எக்ஸாஸ்ட் இறங்கியிருந்தது, ஸ்கேவெஞ்ச் பிரஷர் ஏறியிருந்தது, சர்ஜ் இல்லை. வால்நட் துகள் இருப்பு தீர்ந்துவிட்டதாகவும் சேர்த்துச் சொன்னார்.

காத்திருந்த நேரத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று கப்பல் தரப்பு இப்போது மெயில் போட்டுக்கொண்டிருக்கிறது. சீஃப் கையெழுத்திட்ட டைம் ஷீட்டை ஸ்கேன் செய்து அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன்.