அப்பாயியின் தகரப் பெட்டி

கோத்தகிரியில் எங்களை இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். நான் பிறந்ததே இங்கேதான். சிலோனைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அப்பாயியின் தகரப் பெட்டியில், அந்துருண்டை வாசத்தோடு ஒரு குடும்ப அட்டை இருக்கிறது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியதற்கு அதுதான் சாட்சி. மடிப்பு கிழிந்த இடத்தில் சோற்றுப் பசை காய்ந்து மஞ்சளாகியிருக்கிறது. சாதிச் சான்றிதழுக்காக நான் அலைந்தபோது, ஒரு அலுவலகத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, சொந்த ஊர் எதும்மா?" என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தேயிலைக் காட்டைக் காட்டினேன். சிரித்தார்கள்.

லெபனான் முகாம்களில் பிறந்த பாலஸ்தீனப் பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. 1948இல் இஸ்ரேல் உருவானபோது ஊரை இழந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாரிசுகள். ஜோர்டான் பெரும்பாலோருக்குக் குடியுரிமை தந்தது, லெபனான் தரவில்லை. படித்தாலும் மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களின் கதவு அங்கே அவர்களுக்குச் சாத்தியே கிடக்கிறது.

அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்ட லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். ஆடுமாடு மாதிரி பங்கு பிரித்தார்கள் என்பார் அப்பா.

ஒப்பிடுவது சரியில்லைதான். என்னிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது, அந்த லெபனான் முகாம் பிள்ளைகளிடம் இல்லை.

பாலஸ்தீனக் குடும்பங்கள் விட்டுவந்த வீட்டின் சாவியை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதை அப்பாயியிடம் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாவியா? நம்ம லயத்துக்கு ஏது புள்ள பூட்டு?"