200 கிலோவாட் இருந்தும் வீட்டுக்குள் ஏன் இரைகிறது? சென்னை 720-ஐ முன்வைத்து மீடியம் வேவ் கணக்கு

சென்னை ஏ அலைவரிசைக்கு 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட். தமிழ்நாட்டில் இந்த அளவுக்குப் பவர் உள்ள இன்னொரு மீடியம் வேவ் நிலையம் தூத்துக்குடி 1053. திருச்சி 936-க்கே 100 கிலோவாட்தான். கோவை 999, மதுரை 1269 இரண்டுக்கும் தலா 20. அப்படியிருந்தும் சென்னை நகருக்குள்ளேயே ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் டிரான்சிஸ்டரைத் திறந்தால், பேச்சுக்கு முன்னால் கொர்ரென்ற இரைச்சல்தான் வந்து நிற்கிறது. ‘பவரைக் குறைச்சுட்டாங்க’ என்பதுதான் எல்லோரும் உடனே சொல்லும் காரணம். பெரும்பாலும் அது காரணமே இல்லை.

முதலில் பவரின் கணக்கு. கிலோவாட் பத்து மடங்கானால் அலையின் வலிமையும் பத்து மடங்காகிவிடாது. வர்க்கமூலம்தான் எடுக்க வேண்டும். 20 கிலோவாட்டை 200 ஆக்கினால் உங்கள் வீட்டில் புலவலிமை, அதாவது அங்கே வந்துசேரும் அலையின் வலிமை, 3.16 மடங்கு, அதாவது 10 டெசிபல் (சமிக்ஞை ஏற்ற இறக்கத்தை மடங்குகளில் அளக்கும் அலகு) கூடும். 200-ஐ 400 ஆக்கினால் வெறும் 3 டெசிபல். காதுக்கு அது தெரிந்தும் தெரியாத வித்தியாசம், மின்கட்டணமோ இரட்டிப்பு.

தரையில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 1 கிலோவாட் கொடுத்த செங்குத்து மாஸ்ட், அதாவது ஒலிபரப்புக் கோபுரம், 1 கிலோமீட்டர் தள்ளி மீட்டருக்குச் சுமார் 300 மில்லிவோல்ட் தரும். 200 கிலோவாட்டுக்கு அது 4.2 வோல்ட், 20 கிலோமீட்டரில் சுமார் 210 மில்லிவோல்ட். ஆனால் மீடியம் வேவ் பகலில் நம்மிடம் வருவது தரையைத் தடவிக்கொண்டுதான். அந்தத் தரை எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஈரமான நல்ல மண், கடத்துதிறன் மீட்டருக்கு 10 மில்லிசீமென்ஸ் என்று வைத்தால், அதே 20 கிலோமீட்டரில் சுமார் 160 மில்லிவோல்ட் மிஞ்சும். வறண்ட பாறைப் பூமி, 1 மில்லிசீமென்ஸ் என்றால் 27-தான். இப்போது நல்ல மண்ணில் நிற்கும் 20 கிலோவாட் நிலையத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள்: 52 வரும். பாறைமேல் 200 கிலோவாட் தருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடல்நீரின் கடத்துதிறனோ 5000 மில்லிசீமென்ஸ். தூத்துக்குடி 1053 இலங்கையில் தெளிவாகக் கேட்பதற்கும், புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் வரும் 400 கிலோவாட் ஒலிபரப்பு நம் கடலோர ஊர்களில் அதிரடியாக விழுவதற்கும், இடையில் கிடக்கும் உப்புத்தண்ணீர் பெரிய காரணம்.

சென்னையில் இரண்டு வகைத் தரையும் உண்டு. கடலோர மணலும் களியும், பள்ளிக்கரணைச் சதுப்பும் ஒரு பக்கம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் பாறை இன்னொரு பக்கம். கொஞ்சதூரம் பாறை குறுக்கிட்டால் எல்லாம் போய்விடாது. வழி நெடுகிலும் எது அதிகம் என்பதுதான் கணக்கு.

மண்ணுக்கு அடுத்தது அலையெண். அதே 200 கிலோவாட்டை, அதே நல்ல மண்ணில், 720-க்குப் பதில் 1500 கிலோஹெர்ட்ஸில் விட்டால் 20 கிலோமீட்டரில் 160 இருக்க வேண்டிய இடத்தில் 70-க்கும் குறைவு. தூரம் கூடக் கூட இந்த இடைவெளி இன்னும் விரியும். முதன்மை அலைவரிசைக்கு டயலின் கீழ்ப்பக்கம் கிடைத்தது சென்னைக்குப் பெரிய வரம். அதற்கு விலையும் உண்டு: 720-இன் அலைநீளம் 416 மீட்டர், கால் அலை மாஸ்ட் என்றாலே 104 மீட்டர் உயரம். மாஸ்ட் அடியில் நாலாபக்கமும் 120 தாமிரக் கம்பிகள், ஒவ்வொன்றும் கால் அலை நீளத்துக்கு, ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் புதைப்பதுதான் 1930-களிலிருந்து வரும் நடைமுறை. இந்தக் கம்பிகள் திருட்டுப் போனாலும் அரித்துப் போனாலும் டிரான்ஸ்மிட்டர் மீட்டரில் முழுப் பவர் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அதில் ஒரு பங்கு மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இடம் பார்த்து மாஸ்ட் நடுவதற்கு நியூயார்க்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே பெரிய நிலையங்களுக்கும் உச்சவரம்பு 50 கிலோவாட்தான். 660, 880 இரண்டும் பிராங்க்ஸ் ஓரத்தில் ஹை ஐலண்ட் என்ற சின்னத் தீவில் ஒரே மாஸ்டைப் பகிர்ந்துகொள்கின்றன; சுற்றிலும் உப்புத்தண்ணீர். 710, 1010, 1130 போன்றவை ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியின் உவர்ச் சதுப்பில் நிற்கின்றன. நகரத்துக்கு வெளியே, ஆனால் நகரத்தின் வாசலில். நான்கில் ஒரு பங்கு பவரில் அந்தக் கோபுரக் காட்டையே ஊடுருவ முடிகிறதென்றால் அதில் தரைக்குப் பெரும் பங்குண்டு.

சரி, 160 மில்லிவோல்ட் உங்கள் மொட்டைமாடி வரை வந்துவிட்டது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் அதைத் தின்னும். ஜன்னலோரத்தில் கொஞ்சம், நடுக்கூடத்தில் 20 டெசிபல், லிஃப்ட் பக்கம் அதற்கும் மேல். மேம்பாலத்தின் அடியில் கார் ரேடியோ திடீரென அடங்குவதும் இதே கதை: திறப்பின் அகலம் அலைநீளத்தில் சிறு பங்குகூட இல்லாததால் அலை உள்ளே நுழைய முடிவதில்லை. கூடத்தில் 20 டெசிபல் போனாலும் 16 மில்லிவோல்ட் மிச்சம். அமெரிக்க விதிப்படி ஒரு நிலையம் தன் ஊர்மேல் பகலில் தர வேண்டியது 5 மில்லிவோல்ட். ஆக, அலைக்குப் பஞ்சமில்லை. இரைச்சல் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகிறது.

சார்ஜர், செட்டாப் பாக்ஸ், எல்.இ.டி. டிரைவர், வைஃபை பெட்டியின் அடாப்டர் எல்லாமே சுவிட்ச்-மோடு சப்ளை, அதாவது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் வகை. பல அடாப்டர்கள் 65 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகின்றன. இரைச்சல் அதன் மடங்குகளிலும் கசியும்: பதினோராவது மடங்கு 715, பன்னிரண்டாவது 780. முதலாவது சென்னை ஏ-யின் தோளில் உட்காருகிறது, இரண்டாவது சென்னையின் இன்னொரு அலையெண்ணான 783-இன் காலடியில். சார்ஜரில் போனைச் செருகியதும் 720-இல் கீச்சென்று ஒரு விசில், போன் நிரம்பும்போது அது மெல்ல ஏறி இறங்கினால், காரணம் இதுதான்.

குற்றவாளியைப் பிடிக்கும் முறை இது. பேட்டரியில் ஓடும் ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டரில் ஓட்டினால் சோதனையே வீண். 720-இல் வைத்துத் தேடாதீர்கள், நிலையத்தின் அலை இரைச்சலை அமுக்கிவிடும். பக்கத்தில் காலியான 756-இல் வைத்து ஒலியைக் கூட்டுங்கள். மெயினை அணையுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்து விளக்கையும் விசிறியையும் ஓட்டும், அதுவே பெரிய இரைச்சல் மெஷின். அதையும் அணைத்த பிறகு வரும் நிசப்தம்தான் உங்கள் அடித்தளம். அப்போதும் இரைந்தால் மூலம் பக்கத்து வீடு அல்லது தெருக்கம்பி. அடங்கினால், மெயின் பெட்டியில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள சுவிட்சை (எம்.சி.பி.) ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். இரைச்சல் எழும் சர்க்யூட்டில் ஒவ்வொரு பொருளாகப் பிடுங்கிப் பாருங்கள். ஒரே ஒரு பொருளோடு நிற்காது, இரண்டு மூன்று மாட்டும்.

விசிறி ரெகுலேட்டரில் வித்தியாசம் கவனியுங்கள். முழுவதும் சுழலும் எலக்ட்ரானிக் டிம்மர் வகை, மின்சாரத்தை வெட்டிக் கொடுக்கும் டிரையாக் என்ற சில்லில் ஓடுவது; டயல் முழுக்கக் கொரகொரப்பு. கட்டம் கட்டமாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் அமைதியானது. மாற்ற ஆகும் செலவு சொற்பம், பலன் உடனே. பல்பிலும் அப்படித்தான்: மலிவான சுவிட்சிங் டிரைவர் உள்ளதில் ஃபில்டரே இருக்காது. எல்.இ.டி. தட்டிலேயே ஐ.சி. வைத்த, சுவிட்ச் ஆகாத நேர்வகை (லீனியர்) பல்பு வெளிச்சத்தில் கொஞ்சம் துடிக்கலாம், ரேடியோவுக்குத் தொந்தரவு செய்யாது.

தூக்கியெறிய முடியாத சாதனத்துக்கு ஃபெரைட், அதாவது கம்பியில் வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பீங்கான். கம்ப்யூட்டர் கேபிளில் வரும் கிளிப் மணி ஒன்றை ஒரு சுற்றாக மாட்டினால் 720-இல் எந்தப் பயனும் இல்லை, அது எஃப்.எம். அலையெண்களுக்கானது. ஃபெரைட்டில் 31 வகை, அல்லது அதைவிடக் காந்த ஊடுதிறன் கூடிய 75 வகை வளையத்தில், சப்ளையின் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே 10 முதல் 12 சுற்று சுற்ற வேண்டும். சுற்று இரட்டித்தால் தடை நான்கு மடங்கு என்பதால், ஐந்து மணியை வரிசையாக மாட்டுவதைவிட ஒரே வளையத்தில் பல சுற்று மேல்.

காசே செலவில்லாத வழி, ரேடியோவை நகர்த்துவது. 720-இன் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் வீடு மிகச் சிறியது, ஆகவே வீடு முழுதும் இரைச்சல் மூலத்தின் அருகண்மைப் புலம்தான். சின்ன மூலத்திலிருந்து வரும் காந்தப்புலம் தூரத்தின் முப்படியில் விழும். அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குத் தள்ளினாலே எட்டில் ஒன்று, 18 டெசிபல். டிரான்ஸ்மிட்டரில் பவரை 64 மடங்காக்கிச் செய்ய வேண்டிய வேலையை மேசையின் மறுமுனை செய்துவிடுகிறது. வயரிங் வழியாகப் பரவும் இரைச்சல் மட்டும் இப்படிச் சட்டென்று விழாது, சுவரோரத்தை விட்டு விலகுவதே அதற்கு வழி.

அடுத்து, திசை. உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் பக்கவாட்டிலிருந்து வருவது நன்றாகக் கேட்கும், முனையிலிருந்து வருவது அடங்கும். உச்சம் அகலமானது, அடங்கும் இடம் கூர்மையானது. அதனால் நிலையம் உரக்கக் கேட்கும்படி திருப்புவதை விட்டுவிட்டு, இரைச்சல் மிகக் குறையும்படி திருப்புங்கள். நிலையத்தின் திசையிலிருந்து 45 பாகை விலகினாலும் இழப்பு 3 டெசிபல்தான்; இரைச்சலிலோ 20 டெசிபல் வரை போகலாம். ரேடியோவைப் படுக்கவைத்தும் பாருங்கள், வயரிங்கிலிருந்து வரும் புலம் எப்போதும் செங்குத்தாக இருப்பதில்லை.

இன்னும் தேவையென்றால் ஒரு லூப் ஏரியல். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டத்தில், 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 12 சுற்று. சாதாரண வயரிங் கம்பி 30 மீட்டர் போதும். மின்தூண்டம் சுமார் 190 மைக்ரோஹென்றி வரும். இரு முனையிலும் பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சர் (டியூனிங் குமிழோடு சுழலும் மாறு கண்டென்சர்), ஒரு பிரிவு 500 பிக்கோஃபாரட் இருந்தால் மீடியம் வேவ் முழுதும் கிடைக்கும். 720 மட்டும் போதுமென்றால் 365 பிக்கோஃபாரடே தாராளம், ஏனெனில் அங்கே தேவைப்படுவது சுமார் 250 பிக்கோஃபாரட்தான். ரேடியோவோடு எந்தக் கம்பியும் இணைக்க வேண்டாம். தண்டு லூப்பின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி பக்கத்தில் வைத்துக் கண்டென்சரைத் திருப்புங்கள், ஒரு புள்ளியில் ஒலி பொங்கும். ஒட்டி வைத்தால் ரேடியோவின் டியூனிங்கே நகர்ந்துவிடும். 10, 15 சென்டிமீட்டர் விட்டு வையுங்கள். சுற்றுகளை நெருக்கிக் கட்டினால் தூண்டமும் கம்பிகளுக்கிடையிலான கொள்ளளவும் ஏறி, மேல்முனை 1600 வரை எட்டாமல் 1300-லேயே நின்றுவிடக்கூடும்.

இரவில் வான் அலை, அதாவது மேல் வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்ட அலை, திரும்பி வந்து தரை அலையோடு மோதுவதால் நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி உள்ளவர்களுக்குத்தான் ஒலி ஏறி இறங்கும். நகருக்குள் தரை அலையே மேலோங்கி நிற்கும்.

மாஸ்டுக்கு மிக அருகில், 200 கிலோவாட்டுக்குத் தோராயமாக 4 கிலோமீட்டருக்குள், பிரச்சினை தலைகீழ். மீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற எல்லைக்குள் சாதாரண ரேடியோவின் முதல் டிரான்சிஸ்டரே திணறும். டயலில் இல்லாத நிலையங்கள் முளைக்கும். 720-இன் இரட்டிப்பு 1440-இல் சென்னை ஏ மறுபடி பேசும். 720, 783 இரண்டும் அங்கே வலுவாக இருந்தால் கூட்டுத்தொகையான 1503-இல் இரண்டும் கலந்து கேட்கும். ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வரும் 657, 846-இலும் அதே கலப்பு. சென்னை பி-யின் 1017-ம் சேர்ந்தால், இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்து வரும் 954, 1080-இலும். நம் பகுதியில் எல்லா மீடியம் வேவ் அலையெண்களும் 9-இன் மடங்குகள், ஆகவே இந்தப் பொய் நிலையங்களும் தப்பாமல் 9-இன் மடங்கிலேயே விழுகின்றன. டிஜிட்டல் டியூனிங் ரேடியோ நின்று நின்று அவற்றை நிஜம் என்றே பதிந்துகொள்ளும். ஆட்டோ ஸ்கேன் பட்டியலை நம்பாதீர்கள். சந்தேகமிருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே பேச்சா என்று பாருங்கள். அலையைக் குறைத்து வாங்கும் லோக்கல் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். அலை 10 டெசிபல் குறைந்தால் நிஜ நிலையமும் 10-தான் குறையும். 1440, 1503 போன்றவை 20, 657, 846 போன்றவை 30 டெசிபல் சரியும்.

வெளி ஏரியல் வைத்திருப்பவர்கள் அதன் வழியிலேயே, ஒரு அலையெண்ணை மட்டும் தடுக்கும் டிராப் ஒன்று போடலாம்: 200 மைக்ரோஹென்றி சுருளுக்கு இணையாக 244 பிக்கோஃபாரட், 720-க்கு. 220 நிலைக் கண்டென்சரோடு 5-லிருந்து 60 வரை போகும், ஸ்க்ரூவால் திருப்பும் சிறு கண்டென்சரான டிரிம்மர் ஒன்று. பகலில், 720-இல் ரேடியோவை வைத்து, ஒலி மிகக் குறையும் இடத்தில் டிரிம்மரை நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு முனை எடுத்ததும் டியூனிங் நகர்ந்துவிடும்.