ஜெர்மன் கடையில் பிரிட்டிஷ் கேரட்

ஆல்டி, லிடில் சூப்பர்மார்க்கெட்டுகளில் சாமான் வாங்கிக்கொண்டு "முடிந்தவரை உள்நாட்டுப் பொருள்தான்" என்று சொன்னால், கடையே ஜெர்மன்காரனுடையது, இதில் என்ன உள்நாடு என்று இங்கிலாந்தில் என் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். கடை ஜெர்மன்தான். ஆல்டி 1990-ல் பர்மிங்காமுக்கு வந்தது, லிடில் 1994-ல். ஆனால் ஆல்டியில் பால், முட்டை, வழக்கமாக விற்கும் பச்சை இறைச்சி எல்லாம் இந்த நாட்டுப் பண்ணைகளிலிருந்து வருபவை. கடை யாருடையது என்பதைவிட பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியம்.

அதில்தான் ஏமாற்று வேலையும் இருக்கிறது. பண்ணைப் பெயரை நம்பவே கூடாது. 2016-ல் டெஸ்கோ என்ற பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட் ஒரேயடியாக ஏழு "ஃபார்ம்ஸ்" பிராண்டுகளை இறக்கியது. அப்படியொரு பண்ணையே இல்லாத பெயர்களும் அதில் உண்டு, வெளிநாட்டுச் சரக்கும் அந்தப் பெயர்களில் விற்றது, விவசாயிகள் சங்கம் புகார் கொடுத்தது. இறைச்சியிலும் பால் பொருட்களிலும் நீள்வட்டத்துக்குள் "யூகே" என்று ஒரு முத்திரை இருக்குமே, அதுவும் கடைசியாகப் பதப்படுத்தியதோ பாக்கெட் போட்டதோ எங்கே என்றுதான் சொல்லும். டென்மார்க் பன்றியிறைச்சியை இங்கே கொண்டுவந்து பேக்கன் ஆக்கினாலும் அதே முத்திரைதான். ஆட்டிறைச்சி, கோழி வாங்கும்போது "வளர்த்தது எங்கே, வெட்டியது எங்கே" என்ற சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும், 2015-லிருந்து அது கட்டாயம். முட்டைதான் சுலபம், ஓட்டிலேயே அடித்திருக்கும்: 0 என்றால் ஆர்கானிக், 1 வெளியே மேயவிட்ட கோழி, 2 கொட்டகைக்குள், 3 கூண்டு, பக்கத்தில் நாட்டின் எழுத்து.

சரி, பொருள் உள்நாடுதான் என்று தெரிந்துவிட்டது, விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? 2015 ஞாபகம் இருக்கிறதா? நாலு பைன்ட் (சுமார் இரண்டே கால் லிட்டர்) பால் 89 பென்ஸ், தண்ணீர் பாட்டிலைவிட மலிவு என்று பேசிக்கொண்டோம். அந்த ஆகஸ்டில் விவசாயிகள் எதிர்ப்பாகக் கடைகளுக்குள் புகுந்து அலமாரித் தட்டுகளிலிருந்த பாலையெல்லாம் டிராலியில் அள்ளினார்கள், ஸ்டாஃபர்டில் ஆஸ்டா கடைக்குள் மாட்டையே ஓட்டி வந்தார்கள். அதன் பிறகுதான் ஆஸ்டா, ஆல்டி, லிடில் லிட்டருக்குக் குறைந்தது 28 பென்ஸ் தருவதாக ஒப்புக்கொண்டன. செலவே 30-ஐத் தாண்டுகிறது என்றார்கள் விவசாயிகள்.

இத்தனைக்கும் சப்ளையர்களை நடத்தும் விதத்தில் ஆல்டிக்கு நல்ல பெயர். சூப்பர்மார்க்கெட்டுகளைக் கண்காணிக்க 2013-ல் ஓர் அதிகாரியை நியமித்தார்கள், அவருடைய வருடாந்தர சர்வேயில் பல வருடம் முதலிடம் ஆல்டிக்குத்தான். ஆனால் அவர் பார்க்கும் சட்டம் கடைக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பவர்களுக்கு மட்டும். காய்கறியைத் தரம் பிரித்துப் பாக்கெட் போடும் பேக்ஹவுஸுக்கோ பால் கம்பெனிக்கோ விற்கும் விவசாயி, அதாவது பெரும்பாலான விவசாயி, அதற்குள் வரவே மாட்டார்.

இந்த விலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 பிப்ரவரியில் பார்த்தோம். குளிர்காலத்தில் இங்கே தக்காளி அனுப்பும் ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் வானிலை கெட்டது, இங்கேயோ கண்ணாடிக் குடில்களைச் சூடாக்கும் கேஸ் செலவு கடையில் கிடைக்கும் விலைக்குக் கட்டாது என்று பலர் செடி வைப்பதையே தள்ளிப்போட்டிருந்தார்கள். ஆல்டி, லிடில் உட்பட பல கடைகளில் ஆளுக்கு மூன்று தக்காளிப் பாக்கெட்தான். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் தெரேஸ் காஃபி, இந்தப் பருவத்தில் விளையும் டர்னிப் கிழங்கைச் சாப்பிடலாமே என்கிற மாதிரி நாடாளுமன்றத்தில் பேசினார். டர்னிப்பைப் போட்டு ரசம் வைக்கச் சொல்லுங்கள் அம்மணியை!

என் பழக்கம் இதுதான்: பால், முட்டை, உருளை, கேரட், முட்டைக்கோஸ் உள்நாடு. தக்காளி கோடையில் மட்டும் உள்நாடு, மற்ற மாதங்களில் மொராக்கோவோ டின்னோ. அரிசி, பருப்பு, புளிக்கு வழக்கம்போல லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள நம்மவர் கடைகள். கிறிஸ்துமஸ் வாரத்தில் சில பென்ஸுக்கே கேரட் பாக்கெட்டைக் குவிப்பார்களே, நஷ்டத்தைத் தாங்களே ஏற்பதாகக் கடைகள் சொல்கின்றன. அதை நான் முழுசாக நம்பவில்லை, ஆனால் வாங்காமலும் இருந்ததில்லை.