இறைப்போடு போகும் பசளை

காலமை யாழ்ப்பாணத்தில சுன்னாகம் பக்கத்து வெங்காயத் தோட்டம். யூரியா எறிஞ்ச கையோட மோட்டரும் போட்டாச்சு. வாய்க்கால் மூலையில வெள்ளைக் குறுணி கரைஞ்சுகொண்டிருக்கு.

50 கிலோ மூட்டையில 23 கிலோ நைதரசன். அது ஓரிரண்டு கிழமையில நைத்திரேற்று எண்ட, தண்ணியில கரையிற வடிவமாகும். மண்துகளில ஒட்டாது, தண்ணி போற இடமெல்லாம் போகும்.

செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும். பிறகென்ன, நேரே கிணத்துக்குத்தான்!

குடிதண்ணியில நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

கொதிக்க வச்சா நைத்திரேற்று போகாது. தண்ணி வத்த வத்த செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற ஆக்கள் கவனியுங்கோ.

யூரியாவை மூண்டு நாலு தரமாப் பிரிச்சுப் போடுங்கோ. பாத்தி நிரம்பி வழிய இறைக்காதேங்கோ, வேர் நனைஞ்சாப் போதும்.