விழுவதற்கென்றே செய்த இரும்பு

புரூக்ளினில் போரம் பிளேசும் ஷெர்மர்ஹார்ன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டு இருக்கிறது. இறங்கினால் நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகம். 1936இல் திறந்து 1946இல் மூடப்பட்ட கோர்ட் ஸ்ட்ரீட் நிலையத்தையே 1976இல் அருங்காட்சியகமாக்கினார்கள். கீழ்த்தள நடைமேடையின் இரு பக்கமும் பழைய ரயில் பெட்டிகள் நிற்கின்றன. பிரம்பு இருக்கைகளும் கூரை விசிறிகளும் அழகுதான். ஆனால் நான் போனது அதே தளத்தில் உள்ள சிக்னல் கோபுரத்துக்காக.

உள்ளே நெம்புகோல்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே தண்டவாளங்களின் வரைபடம். அதில் சிறு விளக்குகள். ரயில் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பதை விளக்குகள் காட்டும். விளக்குகளுக்கு அதைச் சொல்வது ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோரின் உயிரைக் காத்துவரும் இந்தச் சிறு கருவிக்கு உரிய மரியாதை கிடைக்கவே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1870இல் இதே நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் தன் தானியங்கி சிக்னலின் மாதிரியை வைத்தார். அதில் ரயில் வந்தால்தான் ரிலேக்கு மின்சாரம் போகும். அபாயக் குறி விழும். கம்பி அறுந்தாலோ? மின்கலம் தீர்ந்தாலோ? ரயில் வந்தாலும் சிக்னல் 'வழி காலி' என்றே காட்டிக்கொண்டிருக்கும். ராபின்சன் முழு அமைப்பையும் தலைகீழாகப் புரட்டினார். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் தண்டவாளத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒரு முனையில் எப்போதும் சிறு மின்னோட்டம் கொடுக்கிறார்கள். மறுமுனையில் ரிலே. மின்னோட்டம் வரும்வரை மின்காந்தம் ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும், பச்சை எரியும். ரயில் வந்ததும் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் அந்தக் குறுக்குவழியில் திரும்பிவிடுகிறது. ரிலே வலுவிழக்க, தகடு தன் எடையாலேயே விழுகிறது. சிவப்பு. கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அதே சிவப்புதான். பழுதுகூடப் பாதுகாப்பின் பக்கம் சாய்கிறது.

தகடு கட்டாயம் விழ வேண்டுமே என்ற கவலையில்தான் பழைய ரிலேக்களின் கைவேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்சாரம் போன பிறகும் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கலாம். தகடு ஒட்டிக்கொள்ளாதிருக்க நடுவே காந்தம் பற்றாத உலோகத்தில் சிறு முளை வைத்தார்கள். மின்னல் தாக்கினால், தகடு எழும்போது இணைந்து மின்சாரம் கடத்தும் தொடுமுனைகள் உருகிச் சேரலாம். அதனால் ஒரு முனை வெள்ளி, மறுமுனை கரி. இரண்டும் பற்றிக்கொள்ளாது. தூசி புகாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டார்கள்.

நியூயார்க்கில் இன்னொரு சிக்கல். ரயிலை ஓட்டும் சுமார் 600 வோல்ட் நேர்திசை மின்சாரம் சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகவே திரும்புகிறது. அது ரிலேயை ஏமாற்றிவிடக்கூடும். எனவே சிக்னலுக்கு மாறுதிசை மின்சாரத்தைக் கொடுத்து, மெல்லிய அலுமினியத் தகடு வைத்த ரிலேயைப் பயன்படுத்தினார்கள். பழைய வீட்டு மின்மீட்டரில் சுழலும் வட்டத்தைப் போலத்தான் அதுவும். நேர்திசை மின்சாரம் எவ்வளவு பாய்ந்தாலும் அசையாது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். எதற்கு அசையக்கூடாது என்பதையும் அந்தத் தகட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

இது பழங்கதையும் அல்ல. மேற்கு 4ஆவது தெரு நிலையத்தில் 1930களின் ரிலேக்களும் துணி சுற்றிய கம்பிகளும் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்ததை ரயில் நிர்வாகமே 2015இல் காணொளியாக வெளியிட்டது. உதிரி பாகங்களை எந்த நிறுவனமும் செய்யாததால் தங்கள் பட்டறையிலேயே பழுது பார்க்கிறார்கள். சில பாதைகளுக்குக் கணினி வழி வந்துவிட்டது, வரவேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பட்டறைக்காரர்களின் கைகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் திரும்பும்போது பக்கத்திலுள்ள ஹாய்ட்-ஷெர்மர்ஹார்ன் நிலையத்தில் நடைமேடையின் முனைவரை நடந்து செல்லுங்கள். ரயில் கடந்ததும் சிக்னல் சிவப்பாகும்; தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் இரும்புக் கை எழும்பும். சிவப்பை மீறி வரும் ரயிலின் பிரேக்கைத் தட்டிவிடும் கை அது. அதைக் கீழே அழுத்திப் பிடிக்கத்தான் மின்சாரம் வேண்டும். மேலே தூக்குவதைச் சுருள்வில் பார்த்துக்கொள்கிறது.