'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பின்னால் என்ன எழுதுவது?

திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) வேலை என்றால் பாதி நாள் மெயிலிலேயே போய்விடும். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு) அனுப்பினால் ஒரு மெயில், ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கத் தைத்த மாதிரி உடை) கூரியரில் போனால் ஒரு மெயில். எல்லா மெயிலும் 'லுக் ஃபார்வர்ட் டு' என்றுதான் முடியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் மெயிலை நான் பார்த்த பிறகுதான் பையருக்கு, அதாவது ஆர்டர் தரும் வாடிக்கையாளருக்கு, போகும். பேனா பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான் நிற்கும்.

'வீ லுக் ஃபார்வர்ட் டு ரிசீவ் யுவர் அப்ரூவல்' என்று எழுதியிருப்பார்கள். அங்கே 'ரிசீவிங்' வர வேண்டும். 'வாண்ட் டு கோ', 'ட்ரை டு சென்ட்' என்று பள்ளியிலிருந்தே எழுதிப் பழகிய கை, 'டு'வைப் பார்த்ததும் வெறும் வினைச்சொல்லைப் போட்டுவிடுகிறது. இந்த 'டு' வேறு ரகம். இதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். வினை வந்தே ஆக வேண்டுமென்றால் ஐஎன்ஜி சேர்த்துக்கொண்டு பெயர்ச்சொல்லாக வரும்.

சந்தேகம் வந்தால் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக நிற்கிறது. 'வாண்ட் டு இட்' நிற்காது. நின்றால் ஐஎன்ஜி, அவ்வளவுதான். 'வீ ஆர் கமிட்டெட் டு டெலிவரிங் ஆன் டைம்' என்பதற்கும் இதே சோதனை போதும்.

'லுக் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' என்பதும் நம் ஊரில் நிறையப் புழங்குகிறது. 'ஃபார்' வேண்டாம், 'டு'தான். வினையே இல்லாமல் 'வீ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று எழுதிவிட்டால் தப்பு வர இடமே இல்லை. புதுப் பையருக்கு 'வீ லுக் ஃபார்வர்ட்', நாலு சீசன் பழகியவருக்கு 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்பது என் வழக்கம்.

இலக்கணம் சரியாக இருந்தும் இடம் தவறிப்போவது உண்டு. ஷேட், அதாவது துணியின் நிறம், மாறிப்போய் பையர் கோபத்தில் இருக்கும்போது 'வீ லுக் ஃபார்வர்ட் டு யுவர் டெபிட் நோட்' என்று எழுதினால், அபராதத்தை ஆசையாக எதிர்பார்க்கிறோம் என்றாகிவிடும். இந்தத் தொடரில் சந்தோஷம் கலந்திருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் 'வீ அவெய்ட் யுவர் கமெண்ட்ஸ்' போதும்.

அப்புறம், இது தேதி கேட்கும் வரி இல்லை. லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று ஷேட் அனுப்பிவிட்டு இதை மட்டும் எழுதினால், பையர் நிதானமாகத்தான் பதில் போடுவார். இங்கே கிரே துணி (இன்னும் சாயம் ஏற்றாத துணி) சாயப்பட்டறையில் காத்துக் கிடக்கும். 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தி ஷேட் பை தர்ஸ்டே' என்று முதலில் எழுதுங்கள். 'லுக் ஃபார்வர்ட்' அதற்குக் கீழே வரட்டும்.